பின்சுவரில் சொட்டிய தண்ணீர்

எங்கள் கட்டடத்தின் முன்பக்கத் தோட்டத்தைப் பாராட்டுகிறவர்கள் யாரும் பின்பக்கச் சந்துக்குப் போவதில்லை. நான் போய்த்தான் ஆகவேண்டும். என் சட்டைகளை வெளுத்துத் தேய்த்துத் தருகிற அம்மா அங்கேதான் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார்.

கட்டடம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறது. நான்கு மாடி, மாடிக்கு நாலைந்து அலுவலகங்கள். நான் அதற்கு மேனேஜர். லிஃப்ட் நின்றால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அதுதான் பதவி. லிஃப்ட் ஓடுகிற நேரங்களில் புத்தகம் படிப்பேன். அவ்வப்போது பத்திரிகைகளில் நாலு பேர் சிரிக்கும்படி எழுதுவதும் உண்டு. அந்த நாலு பேரில் மூன்று பேர் எனக்குச் சொந்தக்காரர்கள்.

முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், நிலத்தைத் துளைத்து போர் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். அவர் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை. ஊரான் நிலத்திலெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர், சொந்தக் கட்டடத்தில் மூன்று முறை தோற்றார். முதல் போரில் உப்பும் இரும்புமாய்ப் பழுப்புத் தண்ணீர் வந்தது, கக்கூஸுக்கு ஆகும். இரண்டாவது மாசியோடு மூச்சை நிறுத்திக்கொள்ளும். மூன்றாவதில் மாவு மாதிரி வெள்ளைப் புழுதி வந்தது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் வார்த்தை வரும், எங்கள் முதலாளிக்கு ரிக் வண்டி வரும். நான்காவது போர் போடாமல் அவரைத் தடுத்தது இடம்தான். வண்டியை நிறுத்த இடமில்லை. மீதி இடமெல்லாம் கொரியப் புல்.

அந்தப் புல்லுக்காகத் தினமும் காலையில் ஒரு தண்ணீர் லாரி வந்து வாசலில் நின்றது. ரிக் வண்டிக்காரர் கட்டடத்துக்கு லாரித் தண்ணீர் என்பது, கல்யாணச் சமையல்காரர் வீட்டுக்குத் தினமும் ஹோட்டல் பொட்டலம் வருவதைப் போன்றது. ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங் மேனேஜர், நம்ம கேட்டுல லாரி நிக்கறதப் பாத்துப்போட்டு வெண்ணந்தூர்க்காரர் ஒருத்தர் போர் போடறதயே வேண்டாம்னுட்டாருங்க. உங்க கட்டடத்துக்கே தண்ணி இல்ல, எங்காட்டுல எப்படிக் குடுப்பீங்கன்னு கேக்கறாருங்க. அந்தப் புல்லப் புடுங்கி வீசுங்க.”

புல்லைப் பிடுங்கி வீசுங்கள் என்று மட்டும்தான் சொன்னார். அந்த இடத்தில் புத்தகம் படித்தவன் எவனாவது சும்மா இருப்பானா? வறண்ட நிலத்தில் தோட்டம் அமைப்பது பற்றி நான் ஏற்கெனவே மூன்று புத்தகம் படித்து வைத்திருந்தேன். வீட்டில் ஒரு துளசிச் செடியைக் காப்பாற்றியதில்லை. அது வேறு விஷயம்.

பத்து நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. செடிகளை அழகுக்காக இல்லாமல் தாகத்துக்கு ஏற்றபடி பிரித்து நடவேண்டும் என்பது அடிப்படை. தண்ணீரே கேட்காதவை மதில் ஓரம்: ஆவாரை, கற்றாழை, நொச்சி. எப்போதாவது கேட்பவை நடுவில்: ஆடாதோடை, வெட்டிவேர், மந்தாரை. அடிக்கடி கேட்கிற நந்தியாவட்டை, மல்லி வகையறா வாசலை ஒட்டி ஒரே ஒரு பாத்தி, ஆட்கள் நடமாடுகிற இடத்தில் மட்டும். கார் நிறுத்துமிடத்தில் விழும் மழை தெருவுக்கு ஓடாமல் கூழாங்கல் நிரப்பிய பள்ளத்தில் இறங்கும்படி ஒரு சரிவு. இதற்கு ஐந்திணைத் தோட்டம் என்று பெயரும் வைத்தேன். சேலத்தில் கடலுக்கு வழியில்லாததால் நெய்தலை விட்டுவிட வேண்டியதாயிற்று. பாலைக்கு நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. கார் நிறுத்துமிடம் முன்பே அப்படித்தான் இருந்தது.

பாத்திகளில் ஈரம் காயாமலிருக்க மேலே மூடாக்கு போடவேண்டும். உள்ளூர்ப் பொருளையே பயன்படுத்துங்கள் என்று புத்தகம் சொன்னது. நம் ஊரில் ஜவ்வரிசி ஆலைகள் கழித்துப் போடுகிற மரவள்ளித் தோலைவிட உள்ளூர்ப் பொருள் ஏது? ஒரு டெம்போ நிறைய வாங்கிப் பரப்பினேன். மூன்றாம் நாள் அதன் நாற்றத்தில், முதல் மாடிக் காப்பீட்டு அலுவலகத்தில் இருவர் வாந்தி எடுத்தார்கள். நாலாம் நாள் ஆடுகள் வந்தன. எந்தத் தெருவில் இத்தனை ஆடுகள் இருந்தன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அள்ளிக் கொட்டிவிட்டுத் தென்னை நாரைப் போட்டோம். இதைச் சிரிப்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். உண்மையில் அடுத்ததைச் சொல்வதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுகிறேன்.

வாசல் பாத்திக்குத் தண்ணீர் வேண்டும். லாரி கூடாது, போர்த் தண்ணீர் பட்டால் நந்தியாவட்டை கருகும். புத்தகம் சொன்ன வழி ஏசித் தண்ணீர். குளிர்விக்கும்போது காற்றிலுள்ள ஈரம் ஏசியில் நீராகிச் சொட்டுகிறதே, அது உப்பே இல்லாத தண்ணீர்.

புத்தகம் சொன்ன வழி என்று எழுதிவிட்டேன். பொய். புத்தகத்தில் அது இருந்தது, ஆனால் எனக்கு உறைத்தது அங்கே அல்ல. ஒரு சனிக்கிழமை சட்டை வாங்கப் பின்சந்துக்குப் போனபோது மேலே பார்த்தேன். எங்கள் கட்டடத்தின் ஏசிகள் எல்லாம் பின்சுவரில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் சிறு குழாய்கள் சுவரோரம் சொட்டிக்கொண்டிருக்கும். எட்டுகிற குழாய்க்கெல்லாம் கீழே தண்ணீர் பாட்டில்களை வெட்டிப் புனலாக்கிப் பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. புனலிலிருந்து புனலுக்கு ஒரு மெல்லிய டியூப். எல்லாம் சேர்ந்து இரண்டு நீல டிரம்மில் இறங்கின. செய்தவர் இஸ்திரி வண்டி அம்மா. வாழப்பாடிக்காரர், கன்னங்குறிச்சிப் பக்கம் குடியிருப்பு, என் வயதுதான் இருக்கும்.

இரண்டு தெரு தள்ளியிருக்கிற பல் மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டுகள்தான் அவருக்கு முக்கிய வேலை. தினமும் ஒரு மூட்டை. சந்துக் குழாயில் வரும் போர்த் தண்ணீரில் துவைப்பார், கடைசி அலசலை மட்டும் ஏசித் தண்ணீரில் நீலம் கலந்து செய்வார். போர்த் தண்ணீரிலேயே அலசினால் இஸ்திரிப் பெட்டி பட்டதும் தண்ணீரிலுள்ள இரும்பு மஞ்சள் புள்ளிகளாய்த் தெரியும். இதை அவரே எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். நான் அந்தப் புனல்களை அண்ணாந்து பார்த்து, பிரமாதம் என்று சொன்னேன். மேலே போய் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: ‘ஏசி நீர். தற்போது பின்சுவரில் வீணாகிறது.’

அந்த வரி இன்னும் நோட்டில் இருக்கிறது. தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அதை எழுதும்போது நான் போட்டிருந்த சட்டையே அந்த வீணான தண்ணீரில் அலசியது.

பங்குனியில் பிளம்பர் வந்து எல்லாக் குழாய்களையும் ஒரே பைப்பில் இணைத்து, சுவரைச் சுற்றி முன்பக்கத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டார். வேலை நடந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அந்த அம்மா வருவதில்லை. அந்த நாளை நான் வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். வேறு யாரும் நம்பவேண்டியதில்லை.

தோட்டம் நன்றாகவே வந்தது. லாரி வருவது நின்றது. முதலாளி தினமும் வாசலில் இறங்கி மந்தாரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பக்கத்துக் கட்டடக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கு நான் தொட்டியைத் திறந்து காட்டி, ஒரு சொட்டுகூட வீணாக்குவதில்லை என்று சொல்வேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும். அடக்கத்தால் தாழ்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பைப் போட்ட மறுநாள், திங்கள்கிழமை, சட்டைகளோடு போனபோதே அந்த அம்மா கேட்டார். “என்னா சார், ஏசி எல்லாம் ரிப்பேரா? ஒரு பொட்டுத் தண்ணி வரல.”

புனல்கள் கழற்றப்பட்டு ஒரு பையில் பத்திரமாக இருந்தன. புதுப் பைப் தலைக்கு மேலே, பளபளவென்று, சுவர் நீளத்துக்கு ஓடியது. அதைப் பார்க்காதவன்போல் நான் சொன்னேன்: “ஆமாங்கம்மா, சர்வீஸ் நடக்குது.”

“மெக்கானிக்கு எப்ப வருவாரு?”

“வருவாருங்க.”

அன்றைக்கே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் தொட்டியில் நான் கணக்குப் போட்டதில் பாதிதான் விழுந்துகொண்டிருந்தது. புத்தகம் எழுதியவர் கடலோர ஊர்க்காரர். அங்கே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். நம் ஊர்ச் சித்திரைக் காற்றைப் பிழிந்தால் சூடுதான் வரும். வெளியில் வெயில் ஏற ஏற ஏசிகள் ஓடோ ஓடென்று ஓடின, சொட்டுவது குறைந்தது. இருப்பது முழுக்கப் போனால்தான் வாசல் பாத்தி பிழைக்கும் என்ற நிலை. அதில் பங்கு கொடுத்தால் என் நந்தியாவட்டை வாடும், வாடினால் என் திட்டத்தில் ஓட்டை என்று முதலாளிக்குத் தெரியும். ஒருபக்கம் ஒரு மனுஷியின் பிழைப்பு, இன்னொரு பக்கம் ஒரு பூச்செடி. நான் பூச்செடியின் பக்கம் நின்றேன். அதிலும் செடிக்காக நிற்கவில்லை.

மெக்கானிக் வந்தாரா என்று அவர் வாரம் ஒருமுறை கேட்டார். சாமான் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும் என்றேன். இன்னொரு முறை, மெக்கானிக் வீட்டில் விசேஷம் என்றேன். இல்லாத மெக்கானிக்குக்குக் குடும்பம், உறவு, காதுகுத்து எல்லாம் நான் ஏற்பாடு செய்து கொடுத்தேன். எழுத்துப் பழக்கம் எங்கெல்லாம் கைகொடுக்கிறது பாருங்கள்.

அந்த அம்மா தன் வீட்டுக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் ஒரு கேன் பிடித்து, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார். ஒரு மூட்டைக் கோட்டுக்கு ஒரு கேன் எந்த மூலைக்கு? கோட்டுகளில் புள்ளி விழுந்தது. மருத்துவமனையில் ஒருமுறை சொன்னார்கள், இன்னொருமுறை சற்று உரக்கச் சொன்னார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பல்லை வெண்மையாக்குகிறேன் என்று நம் வாய்க்கு மேலே குனிகிற டாக்டரின் கோட்டில் மஞ்சள் புள்ளி இருந்தால் வாயைத் திறக்க யாருக்குத் தைரியம் வரும்? மூன்றாவது முறை புள்ளி இருந்தால் கோட்டுகளை மெஷின் சலவைக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் அதை எனக்குச் சொன்னபோது கையில் ஒரு கோட்டு இருந்தது. காலர் பக்கத்தில் கடுகுபோல் நாலு புள்ளி. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். முப்பது வருஷமாகத் துணி வெளுக்கிறவரிடம் கேட்டேன்.

அவர் கோட்டை மடித்து வைத்தார். பிறகு தலையைத் தூக்காமல் பேசினார்.

“மேல இருக்கிற மெஷினு நாள் பூரா சூடு காத்தை என் மூஞ்சியிலதான் சார் ஊதுது. ஓடாத ஏசி சுடுமா?”

அடுத்த கோட்டை எடுத்து உதறினார்.

“மொத நாளே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் ரிப்பேரான்னு கேட்டேன்.”

அத்தனை வாரமும் அவர் கேட்டது ஏசியைப் பற்றி அல்ல. வாரம் ஒருமுறை எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் அதன் வழியாக ஒரு மெக்கானிக்கை அனுப்பியிருக்கிறேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ சேலைகளோடு வந்துவிட்டார்கள். யாரும் வந்திருக்காவிட்டாலும் நான் சொல்லியிருப்பேனா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நேரே முதலாளியிடம் போனேன். லிஃப்டில் போகும்போதே ஓர் உரையைத் தயாரித்துவிட்டேன், நீர்ப் பங்கீடு, நியாயம் என்றெல்லாம். அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

“பைப்புல ஒரு டீ ஜாயின்ட் போட்டு வால்வு வெச்சா அவிங்களுக்குப் பாதி, நமக்குப் பாதி. அரைமணி நேர வேலைங்க. இத ஏன் மொதல்லயே சொல்லுல?”

“பூச்செடி காஞ்சுருமேன்னுங்க.”

“காஞ்சாக் காயுது போங்க. ஆவாரஞ்செடிய நட்டுப்போட்டாப் போச்சு. நீங்கதான அது தண்ணியே கேக்காதுன்னு சொன்னீங்க?”

சொல்லியிருந்தேன். நோட்டில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. என் திட்டத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர், அதைப் படிக்காமலேயே புரிந்துகொண்டிருந்தார். அவர் ஒரு கொடுமைக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் டீ ஜாயின்ட் போட்டாயிற்று. பிளம்பர் டீகூடக் குடிக்காமல் முடித்துவிட்டுப் போனார். டிரம்களில் தண்ணீர் விழுந்தது. அந்த வாரமே மூன்றாவது முறையும் புள்ளி விழுந்துவிட்டது. முன்பே அலசிக் கொடுத்த மூட்டை அது. கோட்டுகள் மெஷின் சலவைக்குப் போய்விட்டன.

நான் அந்தப் பல் மருத்துவமனைக்குப் போனேன். நிர்வாகி இளம் வயதுக்காரர், மரியாதையானவர். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிகளுக்குக் காரணம் அந்த அம்மா அல்ல, நான். தண்ணீரைத் திருப்பியவன் நான். இப்போது தண்ணீர் வருகிறது. அவர் பொறுமையாகக் கேட்டார், வருத்தம் தெரிவித்தார், ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது என்றார். எழுந்தபோது, எங்கள் கட்டடத் தோட்டத்தைத் தான் பார்த்திருப்பதாகவும் அதே மாதிரி இங்கும் செய்ய முடியுமா என்றும் கேட்டார். ஏசித் தண்ணீர் ஐடியா ரொம்பப் பிடித்திருக்கிறதாம். அது அந்த அம்மாவின் ஐடியா என்றேன். அவர் சிரித்தார். நான் ஹாஸ்யமாக எழுதுகிறவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கவேண்டும்.

இதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் நான் பின்சந்துக்குப் போகவில்லை. கசங்கிய சட்டையோடு அலுவலகம் வந்தேன். லிஃப்டில் பார்த்தவர்கள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்கள்.

கடைசியில் ஒரு காலையில் போனேன். வண்டிமேல் கோட்டுகள் இருந்த இடத்தில் கரும்பச்சைப் போர்வைகள் மலைபோல் கிடந்தன. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார். கறுத்த துணி, கறை தெரியாது, எந்தத் தண்ணீரிலும் அலசலாம். நனைந்தால் ஆள் கனம் கனக்கும். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார்.

மருத்துவமனைக்குப் போனதைச் சொன்னேன். முதலாளியிடம் பேசியதைச் சொன்னேன். தவறு என்னுடையது என்று இரண்டு இடத்திலும் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் ஒரு மதிப்பு ஏறிக்கொண்டு வந்தது.

அவர் ஒரு போர்வையைத் தண்ணீரிலிருந்து தூக்கியபடி கேட்டார். “அங்கெல்லாம் சொன்னீங்க. எங்கிட்ட எப்ப சார் சொல்லுவீங்க?”

நான் ஆயிரம் பக்கமாவது எழுதியிருப்பேன். அந்தச் சந்தில் ஒரு வாக்கியம் சேர்வதற்கு வெகுநேரம் ஆயிற்று.

“மெக்கானிக்குன்னு யாரும் இல்லீங்கம்மா. உங்க தண்ணின்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். தப்புங்க.”

“ம்” என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லைதான். போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை என் பக்கம் நீட்டினார். அவர் கை வலிக்கிறது, பிழிய இன்னோர் ஆள் வேண்டும், நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். வாங்கிக்கொண்டேன். அவர் கை திரும்புவதைப் பார்த்து அதே பக்கம் நானும் திருப்பினேன். போர்வை முறுக்கேறாமல் எங்கள் இருவருக்கும் நடுவில் உருண்டுகொண்டே இருந்தது, பிழிந்து ஒரு சொட்டும் விழவில்லை.

“எதிர்ப்பக்கம் முறுக்குங்க சார்” என்றார்.